வாடகை அறையில் கள்ளக் கேமராவா?

மலாக்கா புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழக வளாகம் இருப்பதால், சுற்றுவட்டாரத்தில் மாணவர்கள் தங்கும் வாடகை வீடுகள் உண்டு. புது அறைக்குக் குடிபோகும் அன்றே பத்து நிமிடம் ஒதுக்கிச் சோதித்துவிடுவது நல்லது.

• விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சை மெல்லச் சுற்றிக் காட்டினால் லென்ஸ் சிறு புள்ளியாக மின்னும். சுவர்க் கடிகாரம், யாருடையது என்று தெரியாத சார்ஜர், குளியலறையில் கிடக்கும் பழைய ஷாம்பு போத்தல், எதையும் விடக்கூடாது.

• கருவி சிக்கினால் கழற்றக் கூடாது. அதிலுள்ள கைரேகையும் மெமரி கார்டும் சாட்சியங்கள். இருந்த இடத்திலேயே படமெடுத்து, கதவைப் பூட்டிவிட்டு 999-ஐ அழைக்க வேண்டும்.

• மானபங்கம் செய்யும் நோக்கில் ஒருவரின் அந்தரங்கத்தில் நுழைவது மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 509-ஆவது பிரிவின்படி குற்றம். 5 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவர் ஆணானாலும் பெண்ணானாலும் இது பொருந்தும்.

• ஆபாசப் படத்தை இணையத்தில் பரப்பினால், 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவும் பாயும். 2025-இல் அமலான திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். ‘எல்லாரும் பார்க்கட்டும்’ என்று வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிடுபவரும் மாட்டிக்கொள்ளலாம்.

• உதவிக்கும் ஆலோசனைக்கும் தாலியான் காசே: 15999, 24 மணி நேரமும்.