தக்காளி விலையில் தொடங்குங்கள்

வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "இந்த ப்ராஜெக்டுக்கு டேட்டா எங்கிருந்து வந்தது?" எதிரே இருப்பவரின் ரெஸ்யூமேயில் சான்றிதழ்கள் வரிசையாக இருக்கும். ஃபைனல் இயர் ப்ராஜெக்டின் தலைப்பும் கம்பீரமாக இருக்கும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பலர் தலை குனிந்துவிடுகிறார்கள். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது என்று அப்போதே தெரிந்துவிடும். வீட்டில் எப்படிப் புரட்டிக் கொடுத்த பணமோ! அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, வருத்தம்தான் வருகிறது.

செயற்கை நுண்ணறிவுத் துறைக்குள் வர நினைக்கும் கல்லூரி மாணவர் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஒரே ஒரு சின்ன வேலையை, டேட்டா திரட்டுவதிலிருந்து விடை சொல்வது வரை, தன் கையாலேயே செய்து முடித்திருக்க வேண்டும். அதற்கு என்ன தேவையோ அதை மட்டும் முதலில் படித்தால் போதும்.

பைதான் வேண்டும். லிஸ்ட், டிக்‌ஷனரி, லூப், ஃபங்ஷன், அதன்பின் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஓரிரு மாதத்தில் கைவந்துவிடும். இதற்காக அப்பாவிடம் புது லேப்டாப் கேட்க வேண்டாம். கூகுள் கோலாப் பிரவுசரிலேயே ஓடுகிறது, ஓர் அளவு வரை ஜிபியூவும் இலவசம்.

கணிதத்தைக் கண்டு மிரள்பவர்களுக்கு ஒரு செய்தி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே மேட்ரிக்ஸ் வருகிறது. தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துபோன அந்த ஐகன் வெக்டார்தான், நூறு பத்தி உள்ள அட்டவணையை நாலைந்து பத்திக்குள் சுருக்கும் பிசிஏ முறைக்கு உயிர். இரண்டாம் செமஸ்டரின் புள்ளியியலும் அப்படியே கைகொடுக்கும். பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பாடத்துக்கு என்பிடெல் இருக்கிறது. சென்னை ஐஐடியின் பலராமன் ரவீந்திரன் நடத்திய மெஷின் லேர்னிங் பாடம், மிதேஷ் கப்ரா நடத்திய டீப் லேர்னிங் பாடம் இரண்டும் தரமானவை. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம் கட்ட வேண்டும். ஆண்ட்ரூ இங்கின் மெஷின் லேர்னிங் பாடமும் நன்று. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போங்கள். நாலு பாடத்தில் மும்மூன்று வீடியோ பார்த்தவர்களைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன்.

இனி கை வேலை. காகிள் தளத்தில் டைட்டானிக் கப்பல் பயணிகளின் பட்டியல் இருக்கிறது, யார் பிழைத்தார்கள் என்று கணிக்க வேண்டும். பயிற்சிக்கான கோப்பில் 891 பேர். அவர்களில் பிழைத்தவர்கள் 342, இறந்தவர்கள் 549. எந்த மாடலும் இல்லாமல் "எல்லோரும் இறந்துவிட்டார்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே சுமார் 62 சதவீதம் சரியாக வரும். "பெண்கள் பிழைத்தார்கள், ஆண்கள் இறந்தார்கள்" என்று ஒரே வரியில் விதி எழுதினால் கிட்டத்தட்ட 79 சதவீதம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்குத்தான், நியூரல் நெட்வொர்க் கட்டி 80 சதவீதம் எடுத்தேன் என்று சொல்வது எவ்வளவு சின்ன முன்னேற்றம் என்பது உறைக்கும். அதே கோப்பில் 177 பேருக்கு வயது இல்லை. அந்தக் கட்டங்களைச் சராசரியால் நிரப்புவதா, வேறு வழி தேடுவதா என்று நீங்கள் யோசித்து முடிவெடுக்கும் நேரமிருக்கிறதே, அதுதான் இந்தத் தொழிலில் அன்றாட வேலை.

டைட்டானிக் எல்லோரும் செய்வது. அதைப் பழக்கத்துக்கு வைத்துக்கொண்டு, ரெஸ்யூமேயில் போட உங்கள் ஊரிலிருந்து ஒன்றை எடுங்கள். உழவர் சந்தையின் தக்காளி விலையை ஆறு மாதம் தினமும் குறித்து வையுங்கள். அதை வைத்து நாளைய விலையைக் கணிக்கும் மாடலைக் கட்டுங்கள். அதற்கு முன், "நாளைய விலையும் இன்றைய விலையேதான்" என்று வைத்துக்கொண்டால் எத்தனை ரூபாய் பிசகுகிறது என்று பாருங்கள். இதைத் தோற்கடிப்பது லேசு இல்லை. தோற்கடிக்க முடியாவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள், என்னைப் போன்றவர்கள் அந்த நேர்மைக்கு மதிப்பெண் போடுவோம்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. நாட்களைக் குலுக்கிப் போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால், செவ்வாயை யூகிக்க வேண்டிய மாடலுக்குப் புதன்கிழமை விலை முன்பே தெரிந்திருக்கும். வினாத்தாள் கசிந்த பரீட்சைதான் அது. முதல் ஐந்து மாதத்தில் கற்பித்து, ஆறாவது மாதத்தில் சோதியுங்கள்.

கலை, அறிவியல் கல்லூரி மாணவர்கள், அதிலும் தமிழ் இலக்கியம் படிப்பவர்கள், இது நமக்கில்லை என்று ஒதுங்க வேண்டாம். பைதானில் "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று வரும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் இகரக் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடு இருப்பதால் வரும் வேறுபாடு இது. சொற்பிரிப்பு, சந்தி, பேச்சு வழக்கு எல்லாவற்றிலும் இப்படிப்பட்ட சிக்கல்கள் காத்திருக்கின்றன. இந்திய மொழிகளுக்காகச் சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் வெளியிட்ட மாடல்களும் டேட்டாவும் பொதுவில் கிடைக்கின்றன. அவை தமிழில் எங்கே தடுமாறுகின்றன என்று இலக்கணம் தெரிந்த ஒருவர் நூறு வாக்கியங்களை வைத்துச் சோதித்துக் காட்டினால் அது அருமையான ப்ராஜெக்ட்.

சாட்ஜிபிடியிடம் கோடு எழுதி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்குங்கள். ஆனால் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று பக்கத்தில் இருக்கும் நண்பருக்கு விளக்க முடியாத வரை அது உங்களுடையது ஆகாது. நேர்காணலில் நான் ஒரு வரியைச் சுட்டி, இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்றுதான் கேட்பேன்.

முடித்ததை கிட்ஹப்பில் போடுங்கள். என்ன கேள்வி, டேட்டா எங்கிருந்து, எளிய விதி எவ்வளவு தந்தது, உங்கள் மாடல் எவ்வளவு தந்தது, எங்கே தவறியது என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள்.

நாளைக் காலை ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் உழவர் சந்தைக்குப் போய் வாருங்கள். அன்றன்றைய விலையை அங்கே பலகையில் எழுதி வைத்திருப்பார்கள்.