உப்புக் காற்றும் கார் வயரும்

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது தெரியும். ஜன்னல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். செம்புக் குடத்தில் களிம்பு ஏறும். டப்பாவில் உள்ள உப்பு நீர்விடும். எல்லாம் கடல் காற்றின் வேலை.

அதே காற்று காருக்குள்ளும் புகுகிறது. கார் வயர்களும் செம்புதான். அவற்றிலும் களிம்பு ஏறுகிறது.

மும்பையை எடுத்துக்கொள்வோம். அது கடல் சூழ்ந்த ஊர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மற்ற மாதங்களில் வெயிலும் புழுக்கமும். அங்கே தாராவியில் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனவர்கள் அதிகம். அவர்களில் கார் ஓட்டிப் பிழைப்பவர்களும் உண்டு. ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போகும்.

மும்பையில் நெடுங்காலம் பத்மினி டாக்சி ஓடியது. அதில் கம்ப்யூட்டர் கிடையாது. அந்த டாக்சிகள் 2023ஆம் ஆண்டு ஓய்வு பெற்றன. இன்றைய கார்களில் எஞ்சினையே ஒரு சிறு கம்ப்யூட்டர்தான் நடத்துகிறது. அதனால் வயர்களைக் காப்பது முன்னைவிட முக்கியம்.

மின்சாரம் போகும் வழி

கார் பேட்டரிக்கு இரண்டு முனைகள். ஒன்றில் சிவப்பு வயர். மற்றொன்றில் கறுப்பு வயர். மின்சாரம் சிவப்பு வயர் வழியாக விளக்கு, ஹாரன், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் போகிறது. திரும்பி வர அதிக வயர் இல்லை. காரின் இரும்பு உடம்பே அதற்கு வழி. கறுப்பு வயர் அந்த உடம்பைப் பேட்டரியோடு இணைக்கிறது. இதைத்தான் எர்த்து வயர் என்கிறோம்.

வாய்க்காலில் மண் அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. அதுபோல வயர் இணையும் இடத்தில் களிம்பு அடைத்தால் மின்சாரம் சரியாகப் போகாது. விளக்கு மங்கும். கம்ப்யூட்டருக்குத் தவறான செய்தி போகும்.

மூன்று எதிரிகள்

உப்பு: உப்பு கலந்த ஈரத்தில் மின்சாரம் எளிதில் பாயும். உலோகமும் வேகமாக அரிக்கும்.

ஈரம்: ஏ.சி. ஓடும்போது தண்ணீர் வடியும். அது வெளியேற ஒரு குழாய் உண்டு. அது அடைத்தால் தண்ணீர் காருக்குள் வழியும். மிதியடிக்குக் கீழே வயர்கள் ஓடுகின்றன. அவை நனையும்.

வெப்பம்: வெளியே 35 டிகிரி இருக்கலாம். வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டும். அதிக வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

ஓர் உரையாடல்

ஓர் ஓட்டுநரும் வயரிங் வேலை செய்பவரும் பேசிக்கொள்கிறார்கள்.

ஓட்டுநர்: அண்ணாச்சி, ஒரு வாரமா வண்டி மக்கர் பண்ணுது. காலையில சாவி போட்டா டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது. எஞ்சின் லைட் எரியுது.

வயரிங்காரர்: யார்கிட்டயாவது காட்டினியா தம்பி?

ஓட்டுநர்: காட்டினேன். கம்ப்யூட்டர் பெட்டி போயிடுச்சாம். மாத்த இருபதாயிரம் ஆகும்னாங்க. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல பணம் கட்டணும். எங்க போவேன்?

வயரிங்காரர்: பொறு. முதல்ல பேட்டரியைப் பார்ப்போம். மீட்டர் 12.6 வோல்ட் காட்டுது. பேட்டரி நல்லாத்தான் இருக்கு. இந்த எர்த்து வயரைப் பாரு.

ஓட்டுநர்: பச்சையா இருக்கே!

வயரிங்காரர்: களிம்பு. போல்ட்டும் தளர்ந்திருக்கு. கழற்றி உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு முடுக்கறேன். இப்ப சாவி போடு.

ஓட்டுநர்: ஒரே திருகுல எடுத்துடுச்சு அண்ணாச்சி!

வயரிங்காரர்: எல்லா வண்டிக்கும் இதுதான் கோளாறுன்னு சொல்லமாட்டேன். சில வண்டியில பெட்டியே கெட்டிருக்கும். ஆனா பெட்டியை மாத்தறதுக்கு முன்னாடி பேட்டரி, எர்த்து, ஃபியூஸ் மூணையும் பாருங்கன்னு கேளு. கேட்கறதுக்குக் காசு இல்லையே.

நாமே செய்யக்கூடியவை

1. மாதம் ஒரு முறை பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

2. முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும்.

3. கறுப்பு வயரை முதலில் கழற்றுங்கள். பிறகு சிவப்பு. மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில்.

4. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடா கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. பூத்த தூள் கண்ணில், கையில் படக் கூடாது. துடைத்துக் காயவிடுங்கள்.

5. வயரை இறுக மாட்டிய பின் மேலே வாசலின் தடவுங்கள். ஈரம் அண்டாது.

6. கண்ணாடிக்குக் கீழே சேரும் இலைகளை எடுத்துவிடுங்கள். மிதியடி நனைந்தால் அன்றே எடுத்துக் காயப்போடுங்கள்.

7. நிழலில் நிறுத்துங்கள். செல்பேசியை வெயில்படும் இடத்தில் விட்டுப்போகாதீர்கள்.

8. கடற்கரைக்குப் போய் வந்தால் காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். எஞ்சின் இருக்கும் பகுதியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சாதீர்கள்.

9. ஓட்டாத காரை வாரம் ஒரு முறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

ஃபியூஸ் ஒரு காவல்காரன்

மின்சாரம் அளவுக்கு மீறினால் ஃபியூஸ் தான் எரிந்து வயரைக் காக்கும். அதன் மேல் எண் இருக்கும். நிறமும் எண்ணைச் சொல்லும்.

சிவப்பு – 10
நீலம் – 15
மஞ்சள் – 20
பச்சை – 30

10 போனால் 10தான் போட வேண்டும். 30 போடக் கூடாது. கம்பியோ சிகரெட் தாளோ சுற்றி மாட்டக் கூடாது. மாட்டினால் ஃபியூஸ் எரியாது, வயர் எரியும். காரே தீப்பிடிக்கலாம்.

வெள்ளத்தில் கார் நின்றால்

2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுருசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. எத்தனையோ கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய காரில் சாவி போட்டுப் பார்க்கக் கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் எஞ்சின் உடையும். நனைந்த கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போனால் அதுவும் கெடும்.

தண்ணீர் வடியட்டும். பிறகு கறுப்பு வயரைக் கழற்றுங்கள். படம் எடுத்து வையுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். வண்டியைக் கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள். மின்சாரக் கார் என்றால் நீங்கள் எதிலும் கைவைக்காதீர்கள்.

காரைவிட உயிர் பெரிது. தண்ணீர் ஏறினால் முதலில் இறங்கி மேட்டுக்குப் போங்கள்.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. பேட்டரியில் முதலில் கழற்ற வேண்டியது ______ வயர்.
2. 15 என்ற ஃபியூஸின் நிறம் ______.

ஆ. சரியா, தவறா?
1. ஃபியூஸ் போனால் கம்பி சுற்றி மாட்டலாம்.
2. வெள்ளத்தில் மூழ்கிய காரை உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இ. கூடிப் பேசுங்கள்.
உங்கள் ஊரில் கார், ஆட்டோ ஓட்டுபவர்களிடம் கேளுங்கள். அவர்கள் வண்டியில் களிம்பு ஏறியது எந்த இடத்தில்? அதைச் சரிசெய்ய எவ்வளவு செலவானது? ஐந்து வரிகளில் எழுதி வாருங்கள்.