கருவிழிப் புண்ணும் மருந்தாராய்ச்சியும்

கம்பம் பள்ளத்தாக்கில் நெல், கரும்பு, வாழை, திராட்சை முதலியன செழித்து வளர்வதை நாம் அறிவோம். அவ்வயல்களில் உழைப்போர் கண்ணில் நெற்கதிரோ தோகையோ கீறுதல் அரிதன்று. கீறிய இடத்திற் பூஞ்சணம் புகுமாயின் கருவிழி புண்ணாகி, வெண்மை படர்ந்து, பார்வை கெடும்.

இந்நோய்க்குப் பழைய மருந்தாகிய நாட்டமைசின் சிறந்ததோ, பின்வந்த வொரிகோனசோல் சிறந்ததோ என்னும் ஐயம் எழுந்தது. 1976இல் மதுரையில் தோன்றி, 1985இல் தேனியிலும் கிளை கண்ட அரவிந்த் கண் மருத்துவமனையார், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தாருடன் கூடி, மதுரை முதலிய இடங்களில் 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் 323 நோயாளரைச் சேர்த்து இதனை ஆராய்ந்தனர். எவர்க்கு எம்மருந்து என்பது குலுக்கல் முறையால் வகுக்கப்பட்டது. நோயாளர்க்கும் மருத்துவர்க்கும் அது மறைக்கப்பட்டது. 2013இல் வெளிவந்த முடிவு யாது? மூன்று மாதங்களின் பின், பழைய மருந்தைப் பெற்றோரே தெளிவாய்க் கண்டனர். கருவிழி துளைபட்டோரும், மாற்றுக் கருவிழி வேண்டியோரும் அவருள் குறைவு. பியூசேரியம் என்னும் பூஞ்சணத்தால் வந்த புண்ணில் இவ்வேற்றுமை மிகுதி.

இதனால், புதுமை ஒன்றே சிறப்பாகாது, ஒப்பிட்டு அளந்தே துணிதல் வேண்டும் என நாம் உணர்கிறோம். கண்ணிற் கீறல் பட்டால் இலைச்சாறு பிழியாது அன்றே மருத்துவரை நாடுமாறு நம் ஊரார்க்கு உரைப்போமாக.