கைப்பிடிச் சுவரும் நீச்சலும்

கொல்லைப்புறத்தில் கிணறு இருந்த வீடுகளில், குழந்தை தவழத் தொடங்கியதுமே பெரியவர்கள் கைப்பிடிச் சுவர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதே குழந்தை சற்று வளர்ந்ததும் இடுப்பில் கயிறு கட்டி, அதே கிணற்றில் நீச்சலும் கற்றுக் கொடுப்பார்கள். சுவர் இருக்கிறதே என்று நீச்சலை விட்டுவிட்டதும் இல்லை. நீச்சல் வந்துவிட்டதே என்று சுவரை இடித்துவிட்டதும் இல்லை.

இன்று கிணறு கொல்லையில் இல்லை. குழந்தையின் கையிலேயே இருக்கிறது. 2020-இல் கொரோனா தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைபேசியைத் தொடக்கூடாது என்று கண்டிக்கப்பட்ட குழந்தைகளிடமே பாடத்திற்காக அது கொடுக்கப்பட்டது. பள்ளிகள் மீண்டும் திறந்தன. ஆனால் பல இல்லங்களில் அந்தக் கைபேசி பெற்றோரிடம் திரும்பி வரவில்லை. அதன் வழியே அறிவும் வருகிறது; பிஞ்சு மனம் காணத் தகாதவையும் வருகின்றன.

தேடாமலே வருபவை

தீயவற்றைத் தேடிச் செல்லும் குழந்தைக்கே ஆபத்து என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், பல வேளைகளில் தீயவையே குழந்தையைத் தேடி வருகின்றன. காணொளித் தளங்களில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. அடுத்தது எது என்பதை ஆசிரியரோ பெற்றோரோ தேர்ந்தெடுப்பதில்லை. எதைக் காட்டினால் கண் நெடுநேரம் அகலாது என்று கணக்கிடும் இயந்திரமே தேர்ந்தெடுக்கிறது. அதற்கு நேரக் கணக்கு தெரியும். நன்மை தீமை தெரியாது.

இணைய விளையாட்டுகளில் உள்ள உரையாடல் வசதி மற்றொரு வழி. எதிரில் ஆடுபவர் தம்மைச் சிறுவன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் நாற்பது வயதினராகவும் இருக்கலாம்.

மூன்றாவது வழியைப் பெற்றோரே திறந்துவிடுகின்றனர். பெரும்பாலான சமூக ஊடகங்கள் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கணக்கு தருவதில்லை. குழந்தையின் பிடிவாதம் தாங்காமல் பிறந்த ஆண்டை மாற்றி எழுதிக் கணக்குத் தொடங்கித் தருபவர்கள் உண்டு. அந்த நொடி முதல் அந்தத் தளம் குழந்தையைப் பெரியவராகவே நடத்தத் தொடங்குகிறது. அத்துடன், தேவைப்பட்டால் பொய் சொல்லலாம் என்ற பாடத்தையும் குழந்தை வீட்டிலேயே கற்றுக்கொள்கிறது.

சுவர் எழுப்புதல்

தொழில்நுட்பம் தரும் காப்புகளைப் பயன்படுத்துவது பெற்றோரின் கடமை. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ‘பேமிலி லிங்க்’ செயலி மூலம் எந்தச் செயலியை நிறுவலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதைப் பெற்றோர் வரையறுக்கலாம். ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ இதே பணியைச் செய்கிறது. சிறு குழந்தைகளுக்கு ‘யூடியூப் கிட்ஸ்’ பொருத்தமானது. கூகுளில் ‘சேஃப் சர்ச்’ வசதியை இயக்கி வைத்தால் ஆபாசப் படங்கள் தேடலில் தோன்றுவது பெரிதும் குறையும்.

பெற்றோர் தங்கள் கைபேசியையும் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் வருபவை தாமாகவே பதிவிறங்கும்படி அமைந்திருந்தால், யாரோ அனுப்பிய தகாத படம், குழந்தை திறந்து பார்க்கும் படத்தொகுப்பில் வந்து சேரும். அந்த அமைப்பை நிறுத்திவிடுவது ஒரு நிமிட வேலை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 முதல் 4 வயது வரையிலான குழந்தைகள் நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மேல் திரையின் முன் அமர்ந்திருக்கக் கூடாது என்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது.

எனினும் எந்தச் சுவரும் முழுமையானதன்று. நண்பனின் கைபேசியில் இந்தக் காப்புகள் இருப்பதில்லை.

நீச்சல் கற்பித்தல்

பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். விளையாட்டில் பழகிய ‘நண்பன்’ அவனுடைய படம் ஒன்றைக் கேட்டு வாங்குகிறான். பிறகு அதை எல்லோருக்கும் அனுப்பிவிடுவதாக மிரட்டிப் பணம் கேட்கிறான். சிறுவன் உண்பதில்லை, உறங்குவதில்லை. அடுத்த அறையில்தான் தந்தை இருக்கிறார். ஆயினும் சொல்ல நா எழவில்லை. அடி விழும், கைபேசி பறிபோகும், அம்மா அழுவாள் என்ற எண்ணமே அவனைத் தடுக்கிறது. மிரட்டுபவனின் பலம் முழுவதும் இந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

இம்மௌனம் ஒரே நாளில் உருவானதன்று. சிறு தவறுகளைச் சொன்னபோதெல்லாம் கிடைத்த கடுஞ்சொற்களால் கட்டப்பட்டது அது. ஆகவே குழந்தை எதையேனும் சொல்ல வரும்போது பெற்றோரின் முதல் வாக்கியம், “நீ சொன்னது நல்லது, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பதாக இருக்க வேண்டும். அறிவுரைக்குப் பிறகு நேரம் உண்டு.

அச்சமூட்டும் எதையும் கண்டால் உடனே திரையை மூடலாம். அதைப் பார்க்க நேர்ந்தது உன் குற்றமன்று. முகம் அறியாதவருக்குப் படமோ முகவரியோ தரக்கூடாது. ‘வீட்டில் சொல்லாதே’ என்று எவர் சொன்னாலும் அதைத்தான் முதலில் வீட்டில் சொல்ல வேண்டும். இவற்றைச் சிறு வயதிலேயே எளிய சொற்களில் கற்பிக்கலாம்.

சட்டத்தின் துணை

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் குழந்தைகளுக்கு எதிரான இணையக் குற்றங்களைத் தண்டிக்கின்றன. குழந்தைகளைத் தவறாகச் சித்திரிக்கும் படங்களைப் பரப்புவது மட்டுமன்று, தேடுவதும் பதிவிறக்குவதும்கூடக் குற்றம். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவடையாதவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன.

தீங்கு நேர்ந்துவிட்டால் மிரட்டுபவனுக்குப் பணம் தரலாகாது. ஒரு முறை தந்தால் மறுமுறையும் கேட்பான். உரையாடல்களை அழிக்காமல் சான்றாக வைத்திருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்ற உதவி எண் 1930 ஆகியவற்றை அழைக்கலாம். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் முறையிடலாம். படம் பரவும் என்ற அச்சம் இருந்தால் ‘டேக் இட் டவுன்’ என்னும் இலவசச் சேவை உதவும். படத்தை யாருக்கும் அனுப்பாமலே, அதன் எண்மக் கைரேகையை மட்டும் கொண்டு, இணைந்துள்ள தளங்களிலிருந்து அதை நீக்க அது வழி செய்கிறது.

பெற்றோரே பாடம்

உணவு வேளையில் தந்தை கைபேசியைப் பார்த்துக்கொண்டே மகனை ‘அதைக் கீழே வை’ என்றால் அச்சொல்லுக்கு வலிமை இராது. இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளும், பெரியவர்களுடையவை உட்பட, கூடத்தில் ஒரே இடத்தில் வைக்கப்படட்டும். விதி எல்லோருக்கும் பொது என்று கண்டால் குழந்தை அதை விரும்பி ஏற்கும். அந்த நேரம் பேச்சுக்கும் கதைக்கும் உரியதாகட்டும்.

கிணற்றில் நீச்சல் பழகிய குழந்தை தண்ணீருக்கு அஞ்சாமல் இருந்ததற்குக் காரணம், இடுப்புக் கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்ததே. இன்றைய குழந்தைக்கும் அந்த உறுதி வேண்டும். எவ்வளவு ஆழத்தில் விழுந்தாலும் கூப்பிட்டால் இழுத்து மேலேற்ற ஒருவர் இருக்கிறார் என்று அது நம்பட்டும். அந்த நம்பிக்கையை வளர்ப்பதை ஒவ்வோர் இல்லமும் இன்றே தொடங்கலாம்.