பாறை தரும் வெப்பத்தை அளப்பது எவ்வாறு?



மார்கழிக் குளிரிலும் ஜெனீவாவில் நம் வீடுகள் இளஞ்சூடாக இருக்கின்றன. அவ்வெப்பம் நெடுங்காலமாகப் பெரும்பாலும் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்தே பெறப்பட்டு வந்தது. அவை வெளிநாடுகளிலிருந்து வருபவை. எரியும்போது காற்றை மாசுபடுத்துபவை. ஆனால் நம் காலடியிலும் வெப்பம் உண்டு. அதனைப் பெறுவதற்கு முன் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டும். நிலத்தின் கீழ் வெப்பநிலை எவ்வளவு? அங்குள்ள பாறை தன் வெப்பத்தை எவ்வளவு விரைவாகத் தரும்? இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நிலத்தின் வெப்பநிலை

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் அதிகாலையில் இளஞ்சூடாகவும் நண்பகலில் குளிர்ச்சியாகவும் தோன்றுவதைப் பெற்றோர்கள் அறிவர். உண்மையில் பெரிதும் மாறுவது நீரன்று, வெளிக்காற்றே. மண்ணும் கல்லும் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துகின்றன.

இதனை அளந்து காட்டியவர்களுள் ஒருவர் 1740இல் ஜெனீவாவிற் பிறந்த அறிஞர் ஒராஸ் பெனெடிக் து சொசூர். கோடையின் வெப்பம் ஏறத்தாழ 10 மீற்றர் ஆழத்தை அடைய ஆறு மாதங்கள் செல்லும் என அவர் கண்டார். அஃதாவது, மேலே பனி பொழியும் காலத்திலேதான் அங்கே கோடை! எண்பதுகளில் இந்நாட்டுக்கு வந்த பெற்றோர்கள் அக்காலத்து 20 பிராங்குத் தாளில் அவருடைய உருவத்தைக் கண்டிருப்பர்.

இன்னும் ஆழத்திற் பருவ மாற்றம் எட்டாது. அங்கே பூமியின் உள்வெப்பமே ஆட்சி செய்கின்றது. ஜெனீவாவின் தொனே என்னும் ஊரில் 1993இல் 2530 மீற்றர் ஆழத்துக்குத் துளையிட்டபோது அடியில் 88 பாகை செல்சியசு இருந்தது. மேற்பரப்பின் சராசரி வெப்பநிலையைப் 10 பாகை எனக் கொண்டால், கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 31 பாகை உயர்வு என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

எனினும் அத்துளையிற் போதிய நீர் கிடைக்கவில்லை. வெப்பம் இருந்தது, அதனை மேலே சுமந்து வர நீர் இல்லை. 2018இல் சத்தின்யி என்னும் ஊரில் எஸ்.ஐ.ஜி. நிறுவனத்தின் 744 மீற்றர்த் துளையிலோ, 33 பாகை அளவான நீர் நொடிக்குச் சுமார் 50 லீற்றராகத் தானே பொங்கி எழுந்தது. வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லே அந்நீருக்கு வழி தந்தது. திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றுகளும் இத்தகையனவே. அங்கே எரிமலை இல்லை. பாறை வெடிப்புகளின் வழியே ஆழம் சென்ற நீர் சூடேறி மீள்கின்றது.

பாறையின் கடத்தும் தன்மை

வெந்நீர் கிடைக்காத இடத்திலும் வழி உண்டு. நூறு மீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட துளையில் வளைகுழாயை இறக்கி, அதனுள் நீரைச் சுற்றச் செய்வர். அந்நீர் பாறையிடம் பெறும் சிறு வெப்பத்தை, மின்சாரத்தால் இயங்கும் வெப்பப் பம்பி உயர்த்தி வீட்டுக்கு அளிக்கும். இங்கே முதன்மையானது பாறையின் வெப்பக் கடத்தாறு ஆகும்.

ஒரு மீற்றர் தடிப்பும் ஒரு சதுர மீற்றர் பரப்பும் உள்ள பாறையின் இரு முகங்களுக்கிடையே ஒரு பாகை வேறுபாடு இருக்கும்போது, அதனூடே எத்தனை உவாற்று வெப்பம் செல்கின்றது என்பதே இவ்வெண். உலர்ந்த மணலுக்கு இது ஏறத்தாழ 0.4, நீர் ஊறிய மணலுக்கு 2.4, கருங்கல்லுக்கு 3. ஒரே மணல் நனைந்தவுடன் ஆறு மடங்கு கடத்துவதைக் கவனியுங்கள். மணலின் இடைவெளிகளிலிருந்த காற்றை நீர் வெளியேற்றுவதே காரணம்.

மூன்று நாட் சோதனை

ஆய்வுகூடத்திற் கல்துண்டை அளக்கலாம். ஆனால் துளையின் வழியே மணற்கல், களி, நிலத்தடி நீர் எனப் பலவும் உள. ஆகவே முழுத் துளையையும் அதன் இடத்திலேயே சோதிப்பர். குழாயில் ஓடும் நீரை மாறாத வலுவுடன் சூடாக்கி, அதன் வெப்பநிலை ஏறுவதைக் குறித்து வருவர். பாறை வெப்பத்தை நன்கு கடத்தினால் நீர் மெதுவாகச் சூடேறும்; கடத்தாவிடின் விரைந்து சூடேறும்.

எடுத்துக்காட்டு: துளை 100 மீற்றர், வலு 6000 உவாற்று எனின், மீற்றருக்கு 60 உவாற்று. 7ஆம் மணியிலிருந்து 70ஆம் மணிவரை, அஃதாவது நேரம் பத்து மடங்காகும்போது, நீர் 4.6 பாகை சூடேறியது எனக் கொள்வோம். 60ஐ 0.183ஆற் பெருக்கி 4.6ஆல் வகுக்க, 2.4 கிடைக்கும். இதுவே அந்நிலத்தின் வெப்பக் கடத்தாறு.

அளக்காமல் இவ்வெண்ணைக் கூடுதலாக மதித்தால் குழாய் குறுகிவிடும். நிலம் ஆண்டுக்காண்டு குளிர்ந்து, பம்பி மின்சாரத்தை விழுங்கும். குறைவாக மதித்தால் வேண்டாத ஆழம் தோண்டப் பணம் வீணாகும். இரண்டின் சுமையும் முடிவில் வீட்டில் வாழ்வோர் தலையிலேயே விழும்.

மாணவர்களே! பாடசாலையிற் பிரெஞ்சு மொழியிற் கற்கும் இவ்வியலைத் தமிழிலும் எண்ணிப் பழகுங்கள். இரு மொழியிலும் விளக்க இயலுமானால், பொருள் உங்களுக்குத் தெளிவாகிவிட்டது என்று கொள்ளலாம்.

பயிற்சி: 150 மீற்றர்த் துளையில் 7500 உவாற்று வலுவுடன் சோதித்தபோது, 7ஆம் மணியிலிருந்து 70ஆம் மணிவரை நீர் 3.05 பாகை சூடேறியது. வெப்பக் கடத்தாறு யாது? (விடை: 3.0)