சொல்லிக் கொடுத்ததை ஏஐ மறந்துவிட்டதா?

கேள்வி: மிளகு, ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் சின்ன அலுவலகம் எங்களுடையது, ஆறு பேர். நிறுவனக் கணக்கில் ஏஐ பயன்படுத்துகிறோம். என் தனி இடத்தில் எங்கள் விலைக் கணக்கையெல்லாம் அதற்குச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் எல்லோரும் பயன்படுத்தும் பொது இடத்தில் கேட்டால் ஒன்றுமே தெரியாதது போல் பேசுகிறது. ஏன்? எதை எங்கே வைப்பது?
- வாசகி, மட்டாஞ்சேரி

பதில்: அது தெரியாதது போல் பேசியதற்கு நீங்கள் சந்தோஷப்பட வேண்டும். உங்கள் லாபக் கணக்கை அலுவலகம் முழுக்க ஒப்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

புதிதாகச் சேர்ந்த பையனுக்குச் சொல்லிக் கொடுப்பது போல ஏஐக்கும் ஒருமுறை சொன்னால் மனதில் பதிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே இருப்பது மொழி மாதிரி. அதாவது, ஏராளமான எழுத்தைப் படித்துப் பயிற்சி முடித்துவிட்ட மென்பொருள். நீங்கள் பேசப் பேச அது மாறுவதில்லை. ஒவ்வொரு கேள்வியின்போதும் அந்த உரையாடல், அந்த இடத்தில் எழுதி வைத்த குறிப்புகள், அங்கே ஏற்றிய கோப்புகள் ஆகியவற்றிலிருந்து வேண்டியதைச் சேர்த்து அதன் முன் வைக்கிறார்கள். இதற்குச் 'சூழல்' என்று பெயர். அதைப் படித்துத்தான் பதில் சொல்கிறது. சில சேவைகளில் இருக்கும் 'நினைவு' வசதியும் இதே கதைதான்: உங்களைப் பற்றிய குறிப்புகளைச் சேமித்து, அடுத்த முறை சூழலோடு சேர்ப்பார்கள்.

ஆக, இரண்டு இடத்திலும் பதில் சொல்வது ஒரே மொழி மாதிரிதான். அதன் முன் வைக்கும் காகிதங்கள்தான் வேறு. உங்கள் விலைக் கணக்கு பொது இடத்தின் காகிதங்களில் இல்லை.

எதை எங்கே வைப்பது என்பதற்கு என் அளவுகோல் இது: நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் படித்தாலும் பாதகமில்லை என்றால் பொது இடம். கடித மாதிரிகள், ஏற்றுமதி ஆவணப் பட்டியல், எம்ஜி 1 (தூசு, காம்பு நீக்கிய மலபார் மிளகின் ஒரு தரம்) பற்றிய விளக்கம், லிட்டர் எடை 550 கிராம் கேட்கும் வாடிக்கையாளருக்கு என்ன அனுப்புவது என்ற குறிப்பு எல்லாம் அங்கே இருக்கலாம். கொள்முதல் விலை, லாபம், வாடிக்கையாளரின் வங்கி விவரம் அங்கே கூடாது. விலை பேசும் இருவருக்கு மட்டும் மூன்றாவதாக ஓர் இடம் திறந்துகொள்ளுங்கள். அரைகுறை வரைவுகளுக்கு அவரவர் தனி இடம் போதும்.

பெரிய வம்பு பழைய கோப்புகளால்தான் வரும். போன பருவத்து விலைப்பட்டியல் உள்ளே கிடந்தால், ஏஐ அதை இன்றைய விலையாக எடுத்துக் கூசாமல் விலைப்புள்ளி எழுதித் தரும். கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கட்டும். பழையதை நீக்கும் பொறுப்பை ஒருவரிடமே கொடுங்கள்.

தனி இடம் என்றால் ரகசிய இடம் என்றும் எண்ண வேண்டாம். சக ஊழியருக்குத் தெரியாது, அவ்வளவே. சில திட்டங்களில் கணக்கின் நிர்வாகி உரையாடல்களை எடுத்துப் பார்க்க முடியும். எல்லாம் இருப்பதும் சேவை நிறுவனத்தின் கணினியில். 2023இல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் நிரல்களை சாட்ஜிபிடியில் ஒட்டிவிட, அந்நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. உங்கள் பக்கத்திலேயே, எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஏஐ கொள்கை வகுத்து, அங்கீகரித்த கருவிகளை மட்டுமே பயன்படுத்தச் சொல்லியிருக்கிறது.

ஒன்று மட்டும் உடனே பாருங்கள். செலவை மிச்சம் பிடிக்க ஆறு பேரும் ஒரே கடவுச்சொல்லில் நுழைகிறீர்களா? அப்படியானால் உங்களிடம் தனி இடம் என்று எதுவுமே இல்லை. முதலில் ஆளுக்கொரு கணக்கு வாங்குங்கள்.