கொண்டலும் வாடையும்: கூதிர்கால மழையின் பருவத்துள் அலைவு – விழுப்புரம், திண்டிவனம் பகுதியை முன்வைத்து

முன்னுரை

வடகிழக்குப் பருவமழை என்னும் தொடர், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை இடையறாது பெய்யும் மழை என்றதொரு தோற்றத்தைத் தருகின்றது. விழுப்புரம், திண்டிவனம் பகுதியின் மழையை நாள்வாரியாக நோக்கின் அத்தோற்றம் நிலைபெறாது. சில நாள் அடைமழை, பின்னர் வாரக்கணக்கில் நீளும் வறட்சி, மீண்டும் அடைமழை என மழை திரள்திரளாகவே வருகின்றது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இம்மூன்று மாதங்களில் கிடைப்பதால், இத்திரள்களுக்கு இடையிலான இடைவெளி உழவர்க்குப் பருவத்தின் மொத்த மழையளவைப் போன்றே இன்றியமையாததாகின்றது. அவ்விடைவெளியை இயக்கும் வளிமண்டல நிகழ்வையும், அதனைத் தமிழில் சுட்டுதற்குரிய சொற்களையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

மேகத்தின் அலைவு

1971ஆம் ஆண்டில் ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் ஆகிய இருவரும் பசிபிக் பெருங்கடலின் கான்டன் தீவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பதிவான காற்று, அழுத்தத் தரவுகளை ஆராய்ந்து, 40 முதல் 50 நாட்களுக்கு ஒருமுறை மீளும் ஓர் அலைவைக் கண்டனர். இன்று அது மேடன்-ஜூலியன் அலைவு எனப்படுகின்றது. இந்தியப் பெருங்கடலில் திரளும் பெருமேகக்கூட்டம் நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி நகர்கின்றது. 2004இல் வீலர், ஹெண்டன் ஆகியோர் வகுத்த குறியீடு இதன் பயணத்தை எட்டு நிலைகளாகப் பகுக்கின்றது. இரண்டாம் நிலை முதல் நான்காம் நிலை வரை நம் பகுதியில் கூதிர்மழை மிகுதற்கு வாய்ப்புக் கூடுதல்.

இங்கு ஒரு மயக்கம் நேரலாம். மேகக்கூட்டம் கிழக்கு நோக்கிச் செல்ல, நம் கரைக்கு வரும் காற்றழுத்தத் தாழ்வுகளோ மேற்கு நோக்கி வருகின்றன. இதில் முரண் இல்லை. திருவிழாக் கூட்டம் கோயிலை நோக்கி மெல்ல நகர்கையில், அதனுள் சிலர் எதிர்த்திசையில் நடப்பதை ஒக்கும் இது. கூட்டம் இருக்கும்வரையே அவர்களும் உளர்.

மேகத்தை அளக்கும் முறையும் எளியது. நிலமும் கடலும் வெளிவிடும் வெப்பக்கதிர்கள் தெளிந்த வானில் பெருமளவு விண்வெளிக்குச் செல்லும். உயர்ந்து குளிர்ந்த மேகவுச்சியிலிருந்து செல்வது மிகக் குறைவு. செயற்கைக்கோள் காணும் இக்குறைவே அடர்மேகத்தின் அடையாளம். லீப்மன், ஹார்ட்மன் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வளவீட்டை வடகோளக் குளிர்கால வளிமண்டலத்தின் நடுவுயர அழுத்த அமைப்போடு ஒப்பிட்டது. வெப்பமண்டல மேகம் வடபுலக் காற்றை மாற்றுதலும், வடபுலக் காற்று வெப்பமண்டல மேகத்தை மாற்றுதலும் ஆகிய இருவழித் தொடர்பை இத்தகைய ஆய்வுகளே கவனத்திற்குக் கொணர்ந்தன. மேகம் வெளியிடும் வெப்பம் மேலடுக்கில் காற்றை விரித்து, ராஸ்பி அலைகளாக மேலைக்காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு பரவுகின்றது. மறுதலையாக, சைபீரிய உயர் அழுத்தத்திலிருந்து தென்சீனக் கடல் வழியே பாயும் குளிர்காற்று நிலநடுக்கோட்டருகே மேகத்தை வளர்க்கின்றது.

மயிலம், 2024

விழுப்புரம் ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் உள்ளது. நவம்பரில் மேலடுக்கு உயர் அழுத்த முகடு இவ்வகலாங்கை அடுத்தே அமைவதால், அதன் தெற்கே கீழைக்காற்றும் வடக்கே மேலைக்காற்றும் வீசும். இவ்விரண்டின் எல்லையில் சிக்கும் புயலை இழுத்துச் செல்லும் காற்று வலுவிழக்கின்றது. 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த பின்னும் பல மணிநேரம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட மயிலத்தில் டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணிநேரத்தில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. பின்னர் மேற்கே நகர்ந்த எச்சம் உள்மாவட்டங்களில் பெருமழை பெய்ய, தென்பெண்ணை பெருகி விழுப்புரத்தின் கரையோர ஊர்களை மூழ்கடித்தது. புயலின் காற்றுவேகம் பெரிதன்று. அது நின்ற காலமே பேரழிவுக்குக் காரணம். எச்சரிக்கை மொழியில் வேகத்திற்கு உள்ள இடம் நிற்குங்காலத்திற்கும் வேண்டும் என்பது இதனால் புலனாகும்.

சொல்லும் பொருளும்

இவ்வலைவைத் தமிழில் 'இடைப்பருவ அலைவு' எனப் பெயர்த்தால், இரு பருவங்களுக்கு நடுவே நிகழ்வது எனப் பொருள் திரியும். நிகழ்வோ ஒரு பருவத்தின் உள்ளேயே அமைவது. ஆதலின் 'பருவத்துள் அலைவு' என்பதே பொருந்தும்.

தமிழ்மரபு கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் பிரித்தது. கொண்டல் என்னும் சொல் மேகத்தையும் குறிக்கும் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. காற்றும் மேகமும் ஒரே சொல்லில் அடங்கியமை அவ்விரண்டையும் சேர்த்தே கண்ட நோக்கைக் காட்டுகின்றது. ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி, தையை முன்பனி என்றும் உரையாசிரியர்கள் வகுத்தனர். இவ்வெல்லை நாட்காட்டியில் நிலைத்தது. வானில் ஆண்டுதோறும் நகர்வது. கொண்டல் ஓய்ந்து வாடை நிலைபெறும் நாள் எது என்பதே கூதிருக்கும் முன்பனிக்கும் உண்மையான எல்லை எனக் கொள்ளலாம். இது சங்கப்பாடல்கள் கூறும் வானிலை இன்றைய அறிவியலை முன்னரே உணர்த்தின என்னும் கூற்று அன்று; அத்தகைய கூற்றுகள் இலக்கியத்திற்கும் அறிவியலுக்கும் நன்மை செய்வதில்லை. பழஞ்சொற்களின் பொருள்நுட்பம் புதிய கருத்தைத் தாங்கவல்லது என்பதே இங்குக் கூறப்படுவது.

சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டுக் கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. அதே திண்டிவனத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நிலக்கடலை வகைகள் ஊர்ப்பெயரையே சுருக்கி டி.எம்.வி. எனப் பெயர் பெற்றன. கொத்துவகை நிலக்கடலையை முற்றியபின் ஈரமண்ணில் விட்டுவைத்தால் காய் நிலத்திலேயே முளைத்துவிடும். ஆதலால் கடலை பிடுங்கவும் மார்கழிப் பட்டத்திற்கு உழவும் உழவர் வேண்டுவது மூன்று நாள் முன்னறிவிப்பு மட்டுமன்று. அடுத்த இரு வாரம் கொண்டலா, வாடையா என்னும் அறிவு. பருவத்துள் அலைவைப் பின்தொடரும் நீட்டித்த முன்னறிவிப்பு அதனை நாள்குறித்துச் சொல்லாது. வாய்ப்பு மிகுதி, வாய்ப்புக் குறைவு என்றே சொல்லும். இவ்வாய்ப்பளவை 'மழை வரும்' என்று மொழிபெயர்ப்பதும் பிழை, 'வரலாம்' என்று தளர்த்துவதும் பிழை. 'அடுத்த இரு வாரம் கொண்டல் ஓங்கும்', 'வாடை ஓங்கும்' என்றாற்போன்ற தொடர்களை வேளாண் அறிவிப்புகளில் இட்டு, கேட்போர் அவற்றை எவ்வாறு கொள்கின்றனர் என மயிலம், வானூர், விக்கிரவாண்டி ஊர்களில் களஆய்வு செய்தல் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.